ஓய்வு, அறிவுக்கா?



தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் நடந்த புதுவை அரசுப் பள்ளிகளில், 2023இல் மத்திய வாரியப் பாடத்திட்டம் புகுந்தது. 2025இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் செல்வங்கள் அதன் முதல் பொதுத்தேர்வைச் சந்தித்தனர். கதிர்காமத்துக் கூலித் தொழிலாளி தன் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தேட எங்கே போவான்? பணத்துக்கு என் செய்வான்?

அவன் தெருவிலேயே இருக்கிறார் ஆசான்! ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்ந்துவிடாதவர். அவர் அறிந்தது பழைய நூல் என்கிறீர்களா? புதிய நூலை அவர் கையில் கொடுங்கள், பயிற்சி அளியுங்கள், மாலைதோறும் பள்ளிக் கதவைத் திறந்து வையுங்கள்!

1946இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் பாரதிதாசன். எழுதுகோலை மூடினாரா? 1959இல் 'குறிஞ்சித்திட்டு' தந்தார்!

ஓய்வு பதவிக்குத்தான், பயிற்றும் அறிவுக்கு அன்று. அதை வீணடிக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை!