பாப்பம்மாள் வாங்கிய நிலம்

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



முன்னோடி உழவர் ஒருவரைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் பேசும்படி அறக்கட்டளையார் பணித்தார்கள். தேக்கம்பட்டி பாப்பம்மாளைப் பற்றிப் பேசுகிறேன். மேட்டுப்பாளையம் பக்கம் பவானிக் கரையில் உள்ள ஊர் அது. கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த ஊர் என்றால் திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

1914-இல் பிறந்த பாப்பம்மாள் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரையும் உடன்பிறந்தவர்களையும் ஆளாக்கியவர் பாட்டி. பாட்டியின் கடை பிறகு இவர் பொறுப்புக்கு வந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் நடத்தினார். அந்தக் காசைச் சேர்த்துச் சேர்த்து ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். சகோதரியின் பிள்ளைகளையும் தாமே வளர்த்தார். உள்ளாட்சித் தேர்தலில் வென்று காரமடை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விவசாயிகள் விவாதக் குழுவுக்குப் போனார், கேட்டார், பேசினார். முதுமையிலும் இரண்டரை ஏக்கரில் ரசாயனம் போடாமல் வாழையும் பயறும் விளைவித்தார். 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 27-ஆம் தேதி காலமானார்.

பத்திரிகைகள் அவருடைய வயதைக் கொண்டாடின. நூறு கடந்தும் தோட்டத்தில் இறங்கினார் என்பது பெரிய விஷயம்தான். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது, தாம் சம்பாதித்த காசில் நிலம் வாங்கினார் என்பது. உரத்தை நிறுத்துவதா, வாழை வைப்பதா, பல்கலைக்கழகக் கூட்டத்துக்குப் போவதா என்று முடிவெடுக்கும் துணிவு அந்த நிலத்திலிருந்தே அவருக்கு வந்தது என்று நம்புகிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். விதைக்கு வைக்கும் மணிலாவை, அதாவது வேர்க்கடலையை, மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைப்பு கெடும். ஆகையால் கையால்தான் உடைக்க வேண்டும். அதைச் செய்கிறவர்கள் பெண்கள். மாலைக்குள் கட்டைவிரல் நகக்கண் சிவந்து வீங்கிவிடும். நாற்று நடுவதும் களைக்கொத்தோடு வெயிலில் குனிந்திருப்பதும் அவர்களே. பட்டாவில் மட்டும் பெரும்பாலும் அவர்கள் பெயர் கிடையாது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் திட்டம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிறது. பயிர்க்கடன் கேட்டுப் போனாலும் சிட்டா, அடங்கல்தான் முதலில் கேட்கிறார்கள். காலமெல்லாம் காட்டில் கிடந்தவள் அங்கே வெறுங்கையோடு நிற்கிறாள். இது அநியாயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அதற்குமுன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும், சீர் செய்தாகிவிட்டதே என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார் குறையவில்லை. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலங்கள் மனையாகி விலை ஏற ஏற, அந்தக் கையெழுத்துக்கு அவசரமும் கூடுகிறது.

அண்ணன்மாரே, அந்தப் பத்திரத்தை நீட்டாதீர்கள். தங்கைக்கு உரிய பங்கை அளந்து கொடுங்கள். புதிதாக நிலம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. விவசாய நிலத்துக்கும் அது உண்டு. அடுத்த முறை பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது வீட்டுப் பெண்ணின் ஆதார் அட்டையை எடுத்துச் செல்லுங்கள், அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.