நீலச்சாயம் போன இரவு



1922 மார்ச்சில் பெர்லின் உயிரியல் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் மௌனப்படத்தை இன்றைய பார்வையாளர்கள் காணும்போது, அச்சம் எழவேண்டிய இடங்களில் பலமுறை சிரிப்பே எழுகிறது. இளைய தலைமுறைக்குப் பொறுமையில்லை என்று அந்தச் சிரிப்பைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஏனெனில் அவர்கள் கண்முன் ஓடுவது பெரும்பாலும் இயக்குநர் முர்னாவ் எடுத்த படத்தின் சிதைந்த பிரதியே.

சிரிப்பு எழும் ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். மாக்ஸ் ஷ்ரெக் ஏற்று நடித்த ஆர்லோக் பிரபு என்னும் இரத்தக்காட்டேரி, கப்பலிலிருந்து இறங்கி, தன் சவப்பெட்டியைத் தானே இடுக்கிக்கொண்டு நகரத் தெருவில் நடக்கிறான், திரையிலோ பட்டப்பகல். வெயில் பட்டால் அழிந்துபோகும் காட்டேரி வெயிலில் நடக்கலாமா என்று அரங்கம் நகைக்கிறது. இரவில் வெளிப்புறக் காட்சிகளைப் பதிவுசெய்யும் அளவுக்கு அக்காலப் படச்சுருள்களுக்கு ஒளியுணர்வு போதாமையால், இரவுக் காட்சிகளையும் பகலில் எடுத்து, பின்னர் அந்தப் பகுதிகளை மட்டும் நீலச்சாயத்தில் தோய்த்தெடுப்பது அன்றைய வழக்கமாக இருந்தது; நீலம் இரவையும் மஞ்சள் விளக்கொளியையும் குறித்ததை அன்றைய பார்வையாளர்கள் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். சாயம் மூல நெகடிவில் இல்லாமல் ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியே ஏற்றப்பட்டதால், பிற்காலத்தில் கறுப்பு வெள்ளையில் மறுபிரதி எடுத்தபோது நீலம் போயிற்று. நீலத்தோடு இரவும் போயிற்று.

இதைவிட வியப்பானது, காட்டேரியை வெயில் கொல்லும் என்ற விதியின் பிறப்பு. இப்படத்தின் கதைக்கு மூலமான, பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலில் அப்பெயருடைய காட்டேரி பகலில் வெளியே நடமாடுகிறான். அவன் முடிவும் கத்தியால்தான் நேர்கிறது. விடியற்கதிர் பட்டுக் காட்டேரி மறையும் காட்சி இந்தப் படத்தின் புதுமை. ஆகவே இந்தப் படம் உலகுக்குக் கற்றுக்கொடுத்த விதியைக் கொண்டே இந்தப் படத்தைப் பார்த்து நகைக்கிறார்கள்.

படம் சிதைந்த பிரதிகளாகக் கிடைக்கும் நிலைக்கு வந்ததற்கு ஒரு வழக்கும் காரணம். நாவலை உரிமை பெறாமல் எடுத்தாண்டதற்காக ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் தொடுத்த வழக்கில், எல்லாப் பிரதிகளையும் அழிக்குமாறு 1925 இல் ஜெர்மன் நீதிமன்றம் ஆணையிட்டது. பல நாடுகளில் சிதறிக் கிடந்து தப்பிய பிரதிகளிலிருந்துதான் படம் மீண்டும் ஒட்டிச் சேர்க்கப்பட்டது. போதாக்குறைக்கு, கைப்பிடியைச் சுழற்றிப் பதிவுசெய்த காட்சிகளை வினாடிக்கு 24 சட்டகம் என்னும் பேசும்படத்தின் வேகத்தில் ஓட்டும்போது, துயரத்தோடு நடப்பவர்கூடத் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுகிறார். பிரான்சில் கிடைத்த சாயமேற்றிய பழைய பிரதியைத் துணைகொண்டு மீட்டெடுத்த வடிவத்தை உரிய வேகத்தில், இசையோடு காண்பவர்களிடம் அந்தச் சிரிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அப்போது அச்சம் வேறு வழியில் வந்து சேர்கிறது. திடீர் ஒலியால் உலுக்கும் இன்றைய உத்தி ஏதுமின்றி, கப்பலின் அடித்தட்டில் ஆர்லோக் முழங்கால் மடங்காமல், கை ஊன்றாமல், பலகை நிமிர்வதுபோல் பெட்டியிலிருந்து எழுகிறான். படிக்கட்டுச் சுவரில் அவன் உடல் தெரியாமல் நிழல் மட்டும் விரல்களை நீட்டிக்கொண்டு ஏறுகிறது. கேமரா விலகுவதும் இல்லை, விரைவதும் இல்லை. நாயகன் ஹுட்டராக வரும் கஸ்தாவ் ஃபான் வாங்கன்ஹைமின் மிகை நடிப்பு இன்று எடுபடவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஷ்ரெக்கின் அசைவின்மைக்கோ நூறாண்டு கடந்தும் வயதேறவில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் இப்படத்தைக் காண்பவர்களுக்கு வேறொரு பகுதியும் அருகில் வந்துவிட்டது. கப்பலோடு எலிகளும் கொள்ளைநோயும் ஊருக்குள் நுழைய, ஒருவன் முரசறைந்து அரசாணையை வாசிக்கிறான்; சாளரங்கள் மூடப்படுகின்றன; கதவுகளில் சுண்ணக்கட்டியால் சிலுவைக் குறி இடப்படுகிறது; நாயகி எல்லன் தன் சாளரத்திலிருந்து பார்க்கும்போது சவப்பெட்டிகள் வரிசையாகத் தெருவில் வருகின்றன. முதல் உலகப்போரும் 1918 இன் கொடிய காய்ச்சலும் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன சமூகம் எடுத்த காட்சி அது; 2020 ஐக் கண்டவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

சிரிப்பும் அச்சமும் மட்டுமன்றி, சங்கடமும் இன்றைய பார்வையாளரிடம் எழுகிறது. அது மதிக்கத்தக்க சங்கடம். வளைந்த மூக்கோடு கிழக்கிலிருந்து வரும் அந்நியன், எலிகளையும் நோயையும் கொண்டுவந்து, ஊருக்குள் வீடு வாங்குகிறான் என்ற சித்திரம், யூதர்களுக்கு எதிராக அக்கால ஐரோப்பாவில் உலவிய வெறுப்புப் படங்களை ஒத்திருக்கிறது. திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீனும், நோக் என்னும் வீட்டுத் தரகனாக நடித்த அலெக்சாண்டர் கிரானாக்கும் யூதர்களே. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர்களே. ஆகவே படைத்தோரின் நோக்கத்தின்மேல் பழி சுமத்துவது கடினம். ஆயினும் படைத்தோர் நினையாததையும் ஒரு சித்திரம் காண்போரிடம் சொல்லிவிடக்கூடும் என்பதால், இப்படத்தைத் திரையிடும் சங்கங்கள் நீலச்சாயமுள்ள நல்ல பிரதியைத் தேடுவதோடு, இந்தக் கேள்வியையும் அவையின்முன் வைத்துப் பேசவேண்டும்.