பேறுகாலத் துணை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

திருச்சிராப்பள்ளி மலையில் கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். அப்பெயர் வந்த வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பேறுகாலம் நெருங்கிய வணிகர் குலப் பெண்ணொருத்தி தன் தாயின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். காவிரியில் பெருவெள்ளம் வந்தமையால் தாய் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. மகளின் தவிப்பைக் கண்ட பெருமான் அத்தாயின் வடிவிலேயே வந்து மருத்துவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது மறைந்தருளினார் என்பது தலவரலாறு.

எல்லாம் வல்ல இறைவன் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். வலியே தோன்றாமற் செய்திருக்கலாம். அவற்றைச் செய்யாமல், வந்து உடனிருந்தார். பிள்ளை பெறும் பெண்ணுக்கு முதலில் வேண்டுவது துணை என்பதே இக்கதையைச் சொன்ன நம் முன்னோர் கருத்துப் போலும். அக்கருத்து நமக்கு மட்டும் உரியதா, மனித குலத்துக்கே பொதுவானதா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

வெண்டா டிரெவாதன் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் மனிதப் பிறப்பைப் பற்றி 1987-இல் ஒரு நூல் வெளியிட்டார். நிமிர்ந்து நடப்பதற்கேற்ப அமைந்த இடுப்பெலும்பின் வழியே பெரிய தலையுடைய குழந்தை வர வேண்டியிருப்பதால், அது உள்ளே திரும்பித் திரும்பி, பெரும்பாலும் தாயின் முதுகுப்புறம் நோக்கிய முகத்தோடு வெளிவருகிறது. குரங்கினம் பலவற்றில் குட்டியின் முகம் தாயை நோக்கி வரும். தாயே கை நீட்டி எடுத்துக்கொள்ளும். மனிதத் தாய் அவ்வாறு இழுத்தால் குழந்தையின் உடல் பின்புறமாக வளைந்து ஊறுபட நேரும். ஆகவே ஏந்திக்கொள்ள இன்னொரு கை வேண்டியதாயிற்று என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், மருத்துவச்சியின் தொழில் மனித குலத்தின் மிகத் தொன்மையான தொழில்களுள் ஒன்றாகும்.

இனி மெக்சிகோ நாட்டின் யூகாட்டான் பகுதிக்குச் செல்வோம். அங்கு வாழும் மாயா மக்களிடையே பிரிகிட் ஜோர்டன் என்னும் அறிஞர் தங்கி, கண்டவற்றை 1978-இல் நூலாக்கினார். நூலால் பின்னிய வலைத்தூளியே அம்மக்களின் படுக்கை; அன்று பேறும் பெரும்பாலும் அதிலேயே நிகழும். மருத்துவச்சி கருவுற்ற காலத்திலேயே பலமுறை வந்து வயிற்றை நீவிவிட்டுக் குழந்தையின் கிடையை அறிந்து வைத்திருப்பாள். வலி கண்டதும் பெண்ணின் தாய் வருவாள். கணவனும் உடனிருக்க வேண்டும். பெண் படும் பாட்டை அவன் கண்ணால் காண வேண்டும் என்பது அவ்வூர் நியாயம். ஒருவர் தலைமாட்டில் நின்று அவளைத் தாங்கிப் பிடிப்பார். வலி எழும்போதெல்லாம் சூழ நிற்போர் ஒரே குரலாக ஊக்கமொழி கூறுவர். பெற்றவள் ஒருத்தி, ஆனால் உழைத்தவர் பலர்.

இதனால் பழமை அனைத்தும் நன்று என்று கொள்ள வேண்டா. யூகாட்டான் மருத்துவச்சிகள் அறுத்த தொப்புள்கொடியின் நுனியை மெழுகுவத்திச் சுடரில் தீய்த்தனர். நுண்கிருமியைப் பற்றி அவர்கள் படித்ததில்லை எனினும் அவ்வழக்கம் குழந்தையைக் காத்தது. நம் நாட்டில் சிலவிடங்களிலோ அதே தொப்புளில் சாணம் அப்பினர். இரணசன்னி கண்டு மடிந்த பச்சிளங்குழந்தைகள் எண்ணிலடங்கா. தடுப்பூசியும் தூய்மையான மருத்துவமும் பரவிய பின்னரே, 2015-இல், அந்நோய் இந்நாட்டின் பொது நலத்தை அச்சுறுத்தும் நிலையிலிருந்து அகன்றது. 2005-06-இல் நூற்றுக்கு 39 பேறுகளே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21-இல் அது 89 ஆயிற்று. இலட்சம் பேறுகளுக்கு 254 தாய்மார் இறந்த நிலை (2004-06) மாறி, 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. இவ்வெண்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு. மருத்துவமனையைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை.

எனினும் அம்மருத்துவமனையின் வாயிலில் ஒன்றை விட்டுவிட்டு உள்ளே சென்றோம், அதுவே துணை. கனடாவின் வடகோடியில், பனி சூழ்ந்த ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனூயிட் பெண்களின் கதை இதற்குச் சான்று. பாதுகாப்புக் கருதி, பேறுகாலம் நெருங்கியதும் அவர்களை விமானமேற்றித் தெற்கிலுள்ள நகர மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். தம் மொழி அறியாதார் நடுவே வாரக்கணக்கில் தனித்திருந்து அவர்கள் பிள்ளை பெற்றனர். அதைப் பொறாத மக்கள் குரலெழுப்பியதன் பயனாக, 1986-இல் புவிர்நிட்டுக் என்னும் ஊரில் பேறகம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வூர்ப் பெண்களே அங்கு மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெற்றனர். மருத்துவ அறிவையும் கைவிடவில்லை. மண்ணையும் மொழியையும் கைவிடவில்லை.

துணை என்பது வெறும் மன ஆறுதலன்று. குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வின் முடிவு 1980-இல் வெளிவந்தது. சிக்கலின்றிப் பெற்றவர்களுள், தனித்திருந்தோர்க்குப் பேறு முடிய சராசரி 19.3 மணி நேரம் ஆயிற்று. முன்பின் அறியாத பெண்ணொருத்தி அருகிருந்து கைபிடித்துப் பேசிய தாய்மார்க்கு 8.8 மணி நேரமே ஆயிற்று. பின்னர் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2017-இல் வெளியான தொகுப்பும், இடையறாத துணை பெற்றோர் இயல்பாகப் பிள்ளை பெறும் வாய்ப்பு மிகுதி என்றே கூறியது. 2018-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பெண் விரும்பும் துணையொருவர் உடனிருப்பதைப் பரிந்துரைத்தது.

அன்பர்களே! நாம் காவிரிக்கு வெகு தொலைவில், ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிறோம். தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அது வாய்ப்பதில்லை. தாயை இழந்தவர் உளர். தாய் நோயுற்றிருப்பவர் உளர். நாள் முந்தி வலி கண்டு, தாய் இரயிலேறுமுன் பிள்ளை பெற்றவரும் உளர். செவிலியர் கூறும் மொழி விளங்காமல், வலியைச் சொல்லத் தன் மொழியும் பயன்படாமல், பேற்றறையில் தனியே கிடந்த இளந்தாயின் துயரை இவ்வவையில் அமர்ந்திருக்கும் தாய்மார் சிலர் தாமே அறிவர்.

இக்குடியிருப்பில் பிள்ளை பெற்று வளர்த்த அன்னையர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் விருப்பமுடையோர் பெயரைச் சங்கம் குறித்து வைக்கலாம். மருத்துவர் இசைவோடு பேற்றறையில் ஒருவர் உடனிருக்கலாம். இயலாத இடத்து வாயிலிலேனும் இருந்து, மொழி பெயர்த்துச் சொல்லலாம். வீடு திரும்பிய பின் பத்து நாள் முறைவைத்துப் பத்தியச் சோறு ஆக்கித் தரலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனமொன்றே வேண்டும்.

வெள்ளம் இன்றும் இடையே நிற்கிறது; தொலைவு என்பதே அதன் பெயர். அக்கரையில் நிற்கும் தாய் வந்து சேரும் வரையில், இக்கரையில் இருக்கும் நாம் தாயுமாவோம்.