ஈ, தா, கொடு



இரத்தற் பொருளில் வரும் மூன்று சொற்களுக்குத் தொல்காப்பியர் இடம் வகுத்துள்ளார். தாழ்ந்தோன் ‘ஈ’ என்பான். ஒத்தோன் ‘தா’ என்பான். உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகப் பாத்திரமே என் நினைவுக்கு வருகிறது.

அலன் பிளீஸ்டேல் எழுதி, 1982இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘போய்ஸ் ஃப்ரொம் த பிளாக்ஸ்டஃப்’ ஐந்து பகுதிகளைக் கொண்டது. லிவர்பூல் நகரில் வேலையிழந்த, வீதிக்குத் தார் போடும் தொழிலாளரின் கதை அது. அவ்வாண்டு பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

அத்தொழிலாளருள் ஒருவன் யொஸர் ஹியூஸ். நடித்தவர் பேர்னாட் ஹில். பிள்ளைகள் பின்தொடர, காண்போரிடமெல்லாம் அவன் வேலை கேட்கிறான்; அவர்கள் செய்வதைத் தன்னாலும் செய்ய முடியும் என்கிறான். மனைவி பிரிந்துவிட்டாள், ஈற்றில் பிள்ளைகளையும் அதிகாரிகள் கொண்டுசெல்கின்றனர்.

அவன் கேட்பது பிச்சையன்று. கைத்தொழில் அறிந்தவன், ஒத்தோனாய் நின்று ‘தா’ என்கிறான். பிறர் செவியிலோ அது ‘ஈ’ என்றே விழுகிறது. அங்கேதான் அவன் உடைகிறான். புள்ளிவிபரமாய்க் கிடந்த துயரை ஒருவனின் குரலாக்கியதே இந்நாடகத்தின் வெற்றி.

வேலை கேட்டு நம் வாசலுக்கு ஒருவன் வந்தால், நம் செவியில் விழுவது எச்சொல்?