வயலில் குழாய் வைத்த கதை

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நடவு வயல்ல கால் வச்சா சேத்துக்குள்ளேருந்து குமிழி குமிழியா வருமே, எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதில் மீத்தேன் வாயு இருக்கு. சாண எரிவாயு அடுப்பில் எரியுறதும் அதேதான். தண்ணி மூடியே கிடந்தா மண்ணுக்குள்ள காத்து போகாது. காத்து இல்லாத இடத்தில் வாழுற நுண்ணுயிர்கள் மக்கும் வேரையும் தாளையும் தின்னு அந்த வாயுவை விடுது. குமிழியா வர்றது கொஞ்சம்தான். நெல் தண்டுக்குள்ள இருக்குற காத்துப் பாதை வழியாதான் நிறைய மேலே போகுது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தா, கரியமில வாயுவைவிட சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்குமாம். நாம சோறு போடுற வயல்லேருந்தா இப்படின்னு பயிற்சியில கேட்டப்ப எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அதுக்கு வழி காய்ச்சலும் பாய்ச்சலும். எங்க வீட்டில் சொன்னதும், அத்தை, "நெல்லுக்குத் தண்ணி காட்டாம பட்டினி போடப் போறியா?"ன்னு கேட்டாங்க. அவங்க பயம் நியாயம். குழுவில் வாங்கின முப்பதாயிரம் கடன் அந்தக் குறுவையை நம்பித்தான் இருந்துச்சு. கடைசியில வீட்டுக்காரர், அரை ஏக்கர்ல மட்டும் செஞ்சு பாருன்னு விட்டார்.

ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள்ள இறக்கினோம். உள்ளே இருக்குற மண்ணை அள்ளிடணும். வரப்போரமா வச்சா பார்க்கச் சுலபம். நட்டு ரெண்டு வாரம் வழக்கம்போல தண்ணி நிறுத்தினோம். பிறகு குழாய்க்குள்ள தண்ணி தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினதும் மோட்டார் போட்டு, 5 சென்டிமீட்டர் நிக்கிற அளவு பாய்ச்சினோம். பூக்கிற நேரத்தில் மட்டும் காயவிடவே கூடாது. விட்டா பதராப் போயிடும்.

முதல் தடவை மண்ணு மயிரிழையா வெடிச்சப்ப ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. விடியக்காலையில டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் குழாய்க்குள்ள பார்த்தேன். அடியில தண்ணி மின்னுச்சு. வேருக்கு எட்டுற இடத்தில் ஈரம் இருக்குன்னு அப்பதான் மனசு ஆறுச்சு.

குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் குறிச்ச கணக்கு: பழைய முறையில் 19 தண்ணீர், குழாய் வச்ச பக்கம் 12. மூட்டையில் வித்தியாசமில்லை. நமக்கு மோட்டார் கரண்டு இலவசம், அதனால கையில காசு மிச்சமில்லைன்னு சிலர் சொல்றாங்க. சரிதான். ஆனா மும்முனை மின்சாரம் வர்ற நேரம் பார்த்து ராத்திரியில எழுந்து போறது குறைஞ்சுதே!

குறையையும் சொல்லணும். களை கூடுச்சு. களை எடுக்கிறது யாரு? நாமதானே. எனக்கு ஒரு களையெடுப்பு கூடுதலாச்சு. கோனோவீடர் ஓட்டினா கொஞ்சம் சமாளிக்கலாம், ஆனா அதுக்கு வரிசை நடவு வேணும். யூரியாவும் அளவா போடணும். நனைஞ்சு காயுற மண்ணில் யூரியா அதிகமானா நைட்ரஸ் ஆக்சைடுன்னு இன்னொரு வாயு கூடுது. அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடாக்கும். இலை வண்ண அட்டையை வச்சுப் பார்த்துப் போட்டா வீணாகாது. ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், எப்பவும் தண்ணி நிக்கிற வயலைவிட இது பொதுவா குறைவுதான்.

போர் தண்ணி உள்ளவங்களுக்கு இது தோது. முறைத் தண்ணியை நம்பி கடைமடையில் இருக்கவங்க, அடுத்த முறை எப்ப வரும்னு தெரியாம காயவிட முடியாது. தாழ்வான வயல்ல அடைமழைச் சம்பாவிலும் நடக்காது.

அடுத்த குறுவைக்கு முழு ஏக்கரும் செய்யப் போறோம். அத்தையே இப்ப குழாயை எட்டிப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. எங்க குழுவில் ஓட்டை போட்ட குழாய் ஆறு மிச்சம் இருக்கு. வேணுங்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க.