நடக்காமல் போன மூன்றாம் விசாரணை



எதிரி தரப்பு வக்கீலின் கடமை பற்றிப் பேசுமாறு கேட்டார்கள். அந்த வக்கீலே எதிரியாகக் கூண்டில் நின்ற வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன். நின்றவர் சிறிய ஆள் இல்லை. அமெரிக்காவில் தொழிலாளர் பக்கம் நின்று வாதாடியவர்களில் தலையானவரான கிளாரன்ஸ் டாரோ.

1910 அக்டோபர் 1, விடிவதற்கு முன், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழின் கட்டடத்தில் குண்டு வெடித்தது. சுமார் இருபது பேர் மாண்டார்கள். பத்திரிகை முதலாளி ஹாரிசன் கிரே ஓட்டிஸுக்குத் தொழிற்சங்கம் என்றாலே ஆகாது. அடுத்த ஏப்ரலில் துப்பறிவாளர் வில்லியம் பர்ன்ஸ், இரும்புக் கட்டுமானத் தொழிலாளர் சங்க நிர்வாகி ஜான் மெக்நமாராவையும் அவர் தம்பி ஜேம்ஸையும் பிடித்தார். கூட இருந்த ஆர்ட்டி மெக்மனிகல் அப்ரூவர் ஆனார். தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் வற்புறுத்த, டாரோ சிகாகோவிலிருந்து மேற்கே வந்தார்.

ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை வாரக்கணக்கில் இழுத்தது. பெயர்ப் பட்டியலில் இருப்பவர்களைப் பற்றி விசாரித்து வர டாரோ வைத்திருந்த ஆள் பெர்ட் பிராங்க்ளின். 1911 நவம்பர் 28 காலை, ஊரின் நடுவே ஒரு தெருமுனையில், ஜார்ஜ் லாக்வுட் என்ற பட்டியல் ஜூரிக்காக 4,000 டாலர் கைமாறியது. 500 டாலர் அவர் கையில். மீதி 3,500 நடுவில் நின்ற ஒருவரிடம் ஒப்படைப்பு. லாக்வுட் முன்னதாகவே அரசுத் தரப்பிடம் சொல்லிவிட்டதால் துப்பறிவாளர்கள் காத்திருந்தார்கள். பிராங்க்ளினைப் பிடிக்கும் அந்த நேரத்தில் தெருவைக் கடந்து அவரை நோக்கி வந்தவர் டாரோ! மூன்றே நாளில், டிசம்பர் 1 அன்று, மெக்நமாரா சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஜேம்ஸுக்கு ஆயுள், ஜானுக்கு 15 ஆண்டு.

1912 ஜனவரியில் டாரோ மீது இரண்டு குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஒன்று லாக்வுட் விவகாரம். மற்றொன்று ராபர்ட் பெய்ன் என்ற ஜூரிக்கு 400 டாலர் முன்பணம் கொடுத்து மீதிக்கு வாக்குக் கொடுத்தது. வழக்கை நடத்தியவர் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜான் ஃபிரெடெரிக்ஸ். அவருடைய முக்கிய சாட்சி யார்? அதே பிராங்க்ளின். உடந்தையாளியின் வாக்குமூலம் மட்டும் போதாது, அதை உறுதிசெய்யும் வேறு சாட்சியம் வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். அதைத் தேடி, டாரோவிடம் வேலை பார்த்த ஒருவரின் ஓட்டல் அறையில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்து, டாரோவைப் பேசவிட்டுக் கேட்டார்கள். வக்கீலின் வாயிலிருந்தே சாட்சியம் எடுக்கிற இந்த ஆசை எந்த நாட்டு அரசுத் தரப்புக்கும் உண்டு. அங்கே அப்போதே கருவியும் வந்துவிட்டது.

முதல் வழக்கில் டாரோவின் வக்கீல் ஏர்ல் ராஜர்ஸ். சமரசப் பேச்சு நவம்பர் 28க்கு முன்பே தொடங்கிவிட்டது, பத்திரிகையாளர் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் அதில் தூது போனார், குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிற கட்சிக்காரருக்காக ஜூரியை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்பது எதிர்வாதத்தின் முதுகெலும்பு. 1912 ஆகஸ்ட் 17 அன்று ஜூரி ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, விடுதலை. இரண்டாவது வழக்கில் அந்த வாதம் நொண்டியது. பெய்னுக்குப் பணம் போனது அக்டோபரில், சமரசப் பேச்சு எழுவதற்கு முன்பு. 1913 மார்ச்சில் ஜூரி பிளந்தது: தண்டிக்க எட்டுப் பேர், எதிராக நான்கு பேர்.

இப்போது ஃபிரெடெரிக்ஸ் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். மூன்றாம் முறை நடத்தலாம். பெரும்பான்மை கையில் இருந்தது. டாரோவிடம் பணமும் தீர்ந்திருந்தது. ஆனால் நடத்தவில்லை, கைவிட்டார். இனி கலிஃபோர்னியாவில் வழக்காடுவதில்லை என்று டாரோ ஒப்புக்கொண்டதன்பேரில் கைவிட்டார் என்பது வரலாற்றாளர்கள் சொல்வது.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். டாரோ குற்றம் செய்தாரா? ஜெஃப்ரி கோவன் 1993இல் இந்த வழக்கைப் பற்றி ஒரு நூலே எழுதி, செய்தார் என்று முடிவுகட்டினார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன். அப்படியானால் ஜூரியை விலை பேசிய ஒருவரை மற்ற மாநிலங்களின் நீதிமன்றங்களுக்கு அனுப்பிவைத்ததாக ஆகிறது. 1924இல் சிகாகோவில் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட லியோபோல்டும் லோபும் தூக்கிலிருந்து தப்பியதும், 1925இல் டென்னசியில் பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்ததற்கான ஸ்கோப்ஸ் வழக்கு நடந்ததும் அதே மனிதரின் வாதத்தில். குற்றமற்றவர் என்றாலோ, தீர்ப்பே இல்லாமல் ஒரு வக்கீலுக்கு ஒரு மாநிலத்தின் கதவைச் சாத்தினார்கள். இரண்டில் எதுவானாலும் பேரம் தவறு. அதே கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில், வழக்கைத் தள்ளுபடி செய்வது நீதிமன்றத்தின் வேலை, நீதியின் நலனுக்காகத்தான் செய்யலாம், காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1872 முதலே விதி இருக்கிறது.

நம்மிடமும் இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு என்றோம், இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு. வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். புதிய சட்டத்தில் பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும். மேலிடத்துக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுவது அல்ல, அரசு வழக்கறிஞர் தாமே மனம் செலுத்தி முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. நடைமுறையில் எத்தனை மனுக்களில் அந்த மனம் தெரிகிறது என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்.

வக்கீலிடமிருந்தே சாட்சியம் எடுக்கிற அந்த ஆசையும் நம்மிடம் இருக்கிறது. 2025 ஜூனில், சட்டக் கருத்து கொடுத்ததற்காக நம் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. வக்கீல் சங்கங்கள் கொதித்ததும் திரும்பப் பெற்றது. அது குற்றச்சாட்டு அல்ல, வெறும் சம்மன்தான். ஆனாலும் கட்சிக்காரர் நம்பிச் சொன்னதைக் காக்கிற சட்டம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு, அனுப்புவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், சாட்சியச் சட்டத்தின் விதிவிலக்குகளில் வந்தாலொழிய வக்கீலைக் கட்சிக்காரரின் விவரம் கேட்டு அழைக்கக்கூடாது, அழைத்தாலும் உயரதிகாரியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று வகுத்தது.

தவறு செய்யும் வக்கீல்களைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜூரிக்கோ சாட்சிக்கோ பணம் கொடுத்தவர் கூண்டில் ஏற வேண்டியவர்தான். ஏற்றியபின் சாட்சியம் போதவில்லை என்றால் இறக்கிவிடுங்கள், நிபந்தனை போடாமல். நாளை அரசு வழக்கறிஞர் நாற்காலியில் உட்காரப்போகும் மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: சக வக்கீல் ஒருவர் மீதான வழக்கைத் திரும்பப் பெற நேர்ந்தால், மனுவில் காரணத்தை முழுமையாக, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், அந்த மனுவில் இல்லாத எந்த நிபந்தனையையும் அவரிடம் தனியாகக் கேட்காதீர்கள்.