ராணியைக் கொடுத்தது யாரை நம்பி?

நடுவர் அவர்களே! வெற்றிக்குத் தேவை தனித்திறமைதான், கூட்டு முயற்சி இல்லை என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தம்பி. சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டார்? சதுரங்கம் ஆடுகிறவரை! "தனியாத்தானே உட்கார்ந்து ஆடுறாங்க?" என்றார். சரி, சதுரங்கத்துக்கே வர்றேன்.

1988. கிரேக்க நாட்டுத் தெசலோனிகி நகரம். பெண்கள் சதுரங்க ஒலிம்பியாட். ஹங்கேரிக்காக ஆடுகிறாள் யூதித் போல்கார். வயசு என்ன தெரியுமா? 12! நம்ம வீட்டுல 12 வயசுப் பிள்ளையைப் பால் வாங்க அனுப்பினா, மீதிச் சில்லறை வீடு வந்து சேராது. (சிரிப்பு)

எதிரே பல்கேரியாவின் பாவ்லினா அங்கெலோவா. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். ஆட்டம் 17ஆவது நகர்த்தலுக்கு வருது. அந்தச் சின்னப் பொண்ணு தன் ராணியைத் தூக்கி, எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்திலே நின்ற யானையை வெட்டி, செக் வைக்கிறா! ராணிக்குக் காவல் கிடையாது. ராஜா வெட்டித்தான் ஆகணும்; வேறு வழியே இல்லை. வெட்டினால்? மந்திரி வந்து செக். ராஜா பழைய கட்டத்துக்கே ஓடணும். கடைசி வரிசையில் யானை வந்து இறங்கும். முடிஞ்சது கதை! அங்கெலோவா அதைப் பார்த்துவிட்டார். அப்போதே தோல்வியை ஒப்புக்கொண்டார். (கைதட்டல்)

தம்பி, நீங்களும் கை தட்டுறீங்க, சந்தோஷம். ஆனா ராஜாவை மடக்கப்போனது யாரு? பலசாலி ராணியா? அவள்தான் பலகையிலேயே இல்லையே! மந்திரியும் யானையும் சேர்ந்துதானய்யா மடக்கியிருக்கும்! (பலத்த கைதட்டல்)

பலகையை விடுங்க, அணிக்கு வாங்க. அந்தப் போட்டியில் யூதித் 13 ஆட்டம் ஆடி எடுத்தது பன்னிரண்டரைப் புள்ளி. அசுர சாதனைதான், யார் மறுத்தா? ஆனா அணியின் மொத்தப் புள்ளி 33. மிச்சம் இருபதரையும் எங்கிருந்து வந்தது? பெரியக்கா சூசன், சின்னக்கா சோபியா, கூட ஆடிய இல்டிகோ மாட்ல், இவங்க மூணு பேரும் சேர்த்தது!

இரண்டாவதா வந்தது யாரு? சோவியத் யூனியன்! 1957 முதல் தாங்கள் கலந்துகொண்ட பெண்கள் ஒலிம்பியாட் அத்தனையிலும் தங்கம் வாங்கினவங்க. அவங்க எடுத்தது முப்பத்திரண்டரை. வித்தியாசம் வெறும் அரைப் புள்ளி! அந்தப் போட்டியில் ஒரு ஆட்டம் டிரா ஆனா கிடைக்கிறது அரைப் புள்ளி. இந்த நாலு பேரில் யாரோ ஒருத்தி, தோற்க வேண்டிய ஆட்டத்தைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு டிரா பண்ணியிருந்தா, அதுவும் அந்தத் தங்கத்துக்குள்ளே இருக்கு.

அந்த அரைப் புள்ளி அக்காவுடையதா, தங்கச்சியுடையதா, கூட ஆடினவளுடையதா? தம்பியைத் தனியாப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துடறேன். (கைதட்டல்)